காத்த சொல்லும் கசிந்த சொல்லும்



சென்ற ஆண்டு கோடையில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கோவில் வாயிலில் நமக்காகக் காத்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"சாமி, பெற்ற தாயிடம் பிள்ளை ஒன்றை மறைத்தால் அது பாவந்தானே?" என்று கேட்டார்.

"எதை மறைக்கிறாள் என்பதைப் பொறுத்தது அம்மா" என்றோம்.

அவருடைய இளைய மகளுக்கு வயது 22. கைப்பேசி தொகுக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் வேலை. விடுதியில் தங்கி, மாதம் இருமுறை வீட்டுக்கு வருவாள். அண்மையில் அவளை வேறொரு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். இன்னும் கடைக்கு வராத புதிய பொருள் அங்கே தயாராகிறது. உள்ளே போகும்போது தன் சொந்தக் கைப்பேசியை வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும். திரும்பும்போது சோதனை உண்டு. உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

"எங்கள் வீட்டில் ஒளிவுமறைவே கிடையாது சாமி. இப்போது எதைக் கேட்டாலும் 'அது வேலை விஷயம் அம்மா' என்று வாயை மூடிக்கொள்கிறாள்" என்று வருந்தினார் அந்தத் தாய்.

சற்று நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகே கேள்விக்குள் இருந்த இன்னொரு கேள்வி வெளியே வந்தது. அவருடைய அண்ணன் மகன் புதுப்புதுக் கைப்பேசிகளைப் பற்றிக் காணொளி எடுத்து வெளியிடுகிறவன். "அந்தப் புதுப் பொருளின் படம் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், இருபதாயிரம் ரூபாய் தருகிறேன்" என்று அத்தை மகளிடம் சொல்லியிருக்கிறான். வீட்டிலோ மூத்தவளின் திருமணக் கடன் வட்டியோடு நிற்கிறது. இளையவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். உறவினர் அவளுக்குக் கர்வம் என்கிறார்கள். தாயின் மனம் இரண்டுபட்டு நிற்கிறது.

"உங்கள் மகள் செய்தது பாவமன்று அம்மா, நேர்மை" என்றோம். ஆனால் அவர் உடனே விட்டுவிடவில்லை. "ஒரு போனின் படத்தில் அப்படி என்ன சாமி இரகசியம்? அது என்ன இராணுவ இரகசியமா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் நிறைவான பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் அதுபற்றிப் படித்தும் சிந்தித்தும் தெளிந்தவற்றையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம். அந்தப் பெண் எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பொருளைத் தொகுத்தாள் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை. அவள் காத்ததை நாம் உடைக்கலாகாது அன்றோ?

ஏன் இத்தனைப் பூட்டு?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஆப்பிள் நிறுவனம், 2004-ஆம் ஆண்டில் ஒரு புதிய பணியைத் தொடங்கியது. 'பர்ப்பிள்', அதாவது ஊதா என்பது அதற்கு இட்ட மறைபெயர். அப்பணியின் மென்பொருள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த ஸ்காட் ஃபோர்ஸ்டால், பல ஆண்டுகள் கழித்து 2012-இல், சாம்சங் நிறுவனத்தோடு நடந்த வழக்கில் அன்றைய நிலையை நீதிமன்றத்தில் விவரித்தார். வெளியிலிருந்து எவரையும் சேர்க்கக்கூடாது என்பது நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் விதித்த கட்டளை. நிறுவனத்துக்குள் இருந்த திறமைசாலிகளை அவர் அழைத்து, "என்ன வேலை என்று சொல்ல இயலாது, ஆனால் வந்தால் இரவுகளையும் விடுமுறை நாள்களையும் இழக்க வேண்டியிருக்கும்" என்ற பொருளில் பேசி ஆள் சேர்த்தாராம். அவர்கள் வேலை செய்த இடம் முழுவதும் பூட்டப்பட்டது. கதவுகளில் அடையாள அட்டைப் பொறிகளும் ஒளிப்படக் கருவிகளும் பொருத்தப்பட்டன. இரவும் பகலும் ஆள்கள் அங்கேயே கிடந்ததால் அது மாணவர் விடுதி போலாகி, பீட்ஸா வாடை வீசிக்கொண்டிருந்ததாம்.

இவ்வாறு பிறந்ததுதான் ஐபோன். 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மேடையில் ஜாப்ஸ் அதை உலகுக்குக் காட்டினார். ஜூன் 29-இல்தான் அது கடைக்கு வந்தது. ஏறத்தாழ ஆறு மாதம் முன்னதாகவே ஏன் காட்டினார்? புதிய கைப்பேசி எதுவானாலும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும்; விண்ணப்பித்தால் செய்தி வெளிப்பட்டுவிடும். அரசு ஆணையம் அறிமுகப்படுத்துவதைவிட நாமே அறிமுகப்படுத்துவது நல்லது என்று அவரே மேடையில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

இத்தகைய மறைவுக்குக் காரணங்கள் நான்கு எனலாம். முதலாவது, பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டதை, உழைக்காத ஒருவர் ஒரே நாளில் பார்த்துச் செய்துவிடக்கூடும். இரண்டாவது, புதியது வருகிறது என்று தெரிந்தால் கடையிலிருக்கும் பழையதை எவரும் வாங்கமாட்டார். மூன்றாவது, முடிவு பெறாத பொருளை மக்கள் பார்த்து, அதுவே முடிந்த பொருளென்று எண்ணித் தீர்ப்பிட்டுவிடுவர். அரைவேக்காட்டுச் சோற்றை இலையில் வைத்துச் சமையற்காரரைக் குறைசொல்வது போன்றது அது. நம் வீடுகளில் மருமகள் கருவுற்ற செய்தியை முதல் சில மாதங்கள் ஊருக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறோமே, அதற்குள்ளும் இதே அறிவுதான் இருக்கிறது.

நான்காவது காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரை மூடியிருந்தால்தான் திரை விலகும்போது கைதட்டல் எழும். மறைவே ஒரு விளம்பரம். ஆகவே இந்நிறுவனங்களின் இரகசியம் முழுவதையும் புனிதமானதென்று நாம் எண்ண வேண்டியதில்லை. அதில் வணிகத் தந்திரமும் பாதி கலந்திருக்கிறது.

மனித நாவைப் பூட்டுவது கதவைப் பூட்டுவது போல் எளிதன்று. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் தன் பணியாளருக்கு எச்சரிக்கை மடல் ஒன்றை அனுப்பியது. முந்திய ஆண்டில் மட்டும் செய்தியைக் கசியவிட்ட 29 பேரைக் கண்டுபிடித்ததாகவும், அவர்களுள் 12 பேர் கைதானதாகவும் அதில் எழுதியிருந்தது. கசியவிடாதீர் என்று எச்சரித்த அந்த மடலே கசிந்து செய்தியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது!

கொடைக்கானலில் படித்த சிறுவன்

காலத்துக்கு முந்திய ஒரு சொல் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்குக் கணிப்பொறி உலகில் இன்றும் சொல்லப்படும் வரலாறு ஒன்று உண்டு. அதன் நாயகர் நம் மண்ணில் வளர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர். தாய் போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப்போரின்போது தந்தை ஜப்பானியரின் காவலில் இருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இரமண முனிவரின் ஆசிரமத்தருகே வாழ்ந்தனர். சிறுவன் ஆடம் கொடைக்கானலில் பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தான். பதினொரு வயதளவில் இங்கிலாந்து சென்று, வேதிப் பொறியியல் கற்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறிக் கணிப்பொறி நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார்.

1981-இல் அவர் வெளியிட்ட 'ஆஸ்போர்ன் 1' என்ற கணிப்பொறியைத் தையல் இயந்திரப் பெட்டியைப் போலக் கையில் தூக்கிச் செல்லலாம். எடை ஏறத்தாழ 11 கிலோ. திரை ஐந்தே அங்குலம். விலை 1,795 டாலர். அக்காலத்தில் அது பெரும் புதுமை. வணிகம் உச்சத்திலிருந்தபோது மாதத்திற்குப் பத்தாயிரம் வரை விற்றதாம்.

1983-இன் தொடக்கத்தில், இதைவிடச் சிறந்த அடுத்த பொறி வரப்போகிறது என்ற செய்தி வெளியே வந்தது. களவாடியோ ஒட்டுக்கேட்டோ எவரும் அதை வெளியிடவில்லை. நிறுவனமே உற்சாகத்தில் சொல்லிவிட்டது. கடைக்காரர்கள் பழைய பொறியை வாங்குவதை நிறுத்தினர். "புதியது வரட்டும், பார்த்துக்கொள்வோம்" என்றனர் மக்கள். புதியதோ விற்பனைக்கு இன்னும் தயாராகவில்லை. பழையது பண்டகசாலையில் தேங்க, பணவரவு நின்றது. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. காலத்துக்கு முன் அறிவித்து வணிகத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயரே இன்றும் வழங்குகிறது.

நேர்மையாகச் சொல்வதானால், இதை மறுப்பவர்களும் உளர். பெரிய திரையோடு வந்த போட்டிக் கணிப்பொறிகளும், ஐபிஎம் நிறுவனத்தின் எழுச்சியும், நிருவாகக் குறைகளுமே முதற்காரணம் என்பது அவர்கள் கருத்து. அவையும் உண்மையே. ஆயினும், முந்திக்கொண்ட சொல் சரிவை விரைவாக்கியது என்றே வணிக உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வேலை இழந்த பணியாளர் பலருடைய வீடுகளில் அம்மாதம் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆஸ்போர்ன் பின்னர் நோயுற்று இந்தியா திரும்பி, 2003 மார்ச் 18 அன்று, தாம் சிறுவனாய்ப் படித்த அதே கொடைக்கானலில் கண்மூடினார்.

"தவளை தன் வாயால் கெடும்" என்கிறது நம் பழமொழி. தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. தொழிலில் ஒருவர் வாய் கெட்டால் ஓராயிரம் இலைகளில் சோறு குறையும். "ஒரு போனின் படத்தில் என்ன இரகசியம்?" என்று அந்தத் தாய் கேட்டதற்கு முதற்பதில் இதுவே: அந்தப் படத்தின் பின்னே யாரோ பலருடைய சோறு இருக்கிறது. அதில் அவர் மகளின் சோறும் ஒன்று.

மறந்துவிட்டுப் போன கைப்பேசி

மற்றொரு நிகழ்ச்சி. 2010 மார்ச் 18 இரவு, கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டி என்னும் ஊரில், மதுவகம் ஒன்றுக்குச் சென்ற ஆப்பிள் நிறுவன இளம் பொறியாளர் ஒருவர், வெளியிடப்படாத புதிய ஐபோனை அங்கேயே மறந்துவிட்டுப் போனார். வெளியே எடுத்துச் சென்று சோதிப்பதற்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொருள் அது. அடையாளம் தெரியாதிருக்கப் பழைய ஐபோனின் உருவத்தில் உறை மாட்டியிருந்தார்கள்.

அது ஓர் இளைஞன் கையில் கிடைத்தது. உரியவர் யாரென்று தெரிந்துகொள்ள வழியிருந்தும், அதை மதுவகக்காரரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்காமல், கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பச் செய்தித்தளத்திற்கு 5,000 டாலருக்கு விற்றான். ஏப்ரல் 19 அன்று அவர்கள் அதைப் பிரித்துப் படமெடுத்து உலகெங்கும் வெளியிட்டனர். ஆப்பிள் நிறுவனம் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே பொருள் திரும்பியது. ஆசிரியர் ஒருவரின் வீட்டைக் காவல்துறை சோதனையிட்டது. செய்தியாளர் உரிமை என்னாவது என்று பெரும் விவாதம் எழுந்தது. இறுதியில் செய்தித்தளத்தார்மீது வழக்குத் தொடரப்படவில்லை. கண்டெடுத்தவனுக்கும் விற்க உதவிய நண்பனுக்கும் 2011-இல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 40 மணிநேரச் சமூகப்பணியும், தலா 250 டாலர் ஈட்டுத்தொகையும் தண்டனையாயின. அந்த ஐபோனோ 2010 ஜூன் 7 அன்று முறைப்படி அறிமுகமாகி, பின்னர் மிகுதியாக விற்றது.

"அப்படியானால் யாருக்கும் நட்டமில்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். நட்டம் இல்லாமற்போகவில்லை. தவறவிட்ட அந்தப் பொறியாளரின் பெயரையும் படத்தையும் செய்தித்தளத்தார் வெளியிட்டுவிட்டனர். ஒரு மாலைப்பொழுதின் மறதிக்காக அந்த இளைஞர் உலகத்தின் நகைப்புக்கு ஆளானார். பொருள் போனால் மீட்கலாம். பெயர் போனால் மீட்பது எளிதா? அத்தளத்தின் ஆசிரியராயிருந்தவரே அடுத்த ஆண்டில், அந்தப் பொறியாளரின் பெயரை வெளியிடாமல் இன்னும் இரக்கத்தோடு எழுதியிருக்கலாம் என்றும், நிபந்தனையின்றிப் பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்றும் மனம் வருந்தி எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் பத்துக் கட்டளைகளுள் இரண்டு மீறப்பட்டன. கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்க்காதது ஏழாம் கட்டளைக்கு எதிரானது. உண்மையே ஆயினும், தக்க காரணமின்றி ஒருவருடைய குறையை ஊரறியச் செய்து அவர் நற்பெயரைக் கெடுப்பது எட்டாம் கட்டளைக்கு எதிரானது. பொய் சொன்னால்தான் பாவம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மெய்யும் சில வேளைகளில் பாவமாகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

மூவகை இரகசியங்கள்

குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயிலும்போது இரகசியங்களை மூவகையாகப் பிரித்துக் கற்பிப்பார்கள்.

முதலாவது, இயல்பான இரகசியம். எவரும் நம்மிடம் "சொல்லாதே" என்று கேளாவிட்டாலும், வெளியிட்டால் பிறருக்குத் தீங்கு வரும் என்ற ஒரே காரணத்தால் நாம் காக்க வேண்டியது. அடுத்த வீட்டுச் சண்டை நம் காதில் விழுந்தால், அது இவ்வகை.

இரண்டாவது, வாக்களித்த இரகசியம். செய்தி நம் காதுக்கு வந்தபின், சொல்வதில்லை என்று நாம் வாக்குக் கொடுத்தது.

மூன்றாவது, ஒப்படைக்கப்பட்ட இரகசியம். காப்பாய் என்ற நம்பிக்கையின்மேல்தான் அது நம்மிடம் தரப்பட்டது. அந்த நம்பிக்கை இல்லையேல் நாம் அதை அறிந்திருக்கவே மாட்டோம். மருத்துவரும் வழக்கறிஞரும் காப்பது இது. மூன்றனுள் கனமானதும் இதுவே. தொழிற்சாலையில் கையெழுத்திட்டு உள்ளே சென்ற அந்தப் பெண்ணிடம் இருந்ததும் இவ்வகை இரகசியந்தான்.

பெற்றோரின் அதிகாரம் பெரிது. ஆயினும், பிறர் ஒருவர் பிள்ளையிடம் ஒப்படைத்ததைத் திறந்து பார்க்கும் உரிமை அந்த அதிகாரத்தில் அடங்காது. அண்டை வீட்டார் நம் மகளிடம் கொடுத்து வைத்த நகையை நாம் அடகு வைக்கலாமா? வைக்கலாகாது. நகைக்கு எது நீதியோ சொல்லுக்கும் அதுவே நீதி. மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். "அது வேலை விஷயம் அம்மா" என்றாளே அந்தப் பெண், அது பொய்யன்று; நாகரிகமாகச் சாத்திய கதவு. கேட்டவரை ஏமாற்றாமல், கொடுத்த வாக்கையும் மீறாமல் பேசிய பேச்சு.

திருமறையிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. கேட்ட சொல் உன்னுள்ளேயே மடியட்டும், அதனால் உன் வயிறு வெடித்துவிடாது என்ற கருத்தைச் சீராக்கின் ஞான நூல் நகைச்சுவையோடு சொல்கிறது. நண்பனின் இரகசியத்தை வெளியிட்டவன் மீண்டும் அந்த நட்பைப் பெறமாட்டான் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. நம் ஆண்டவரும், தாம் செய்த அருஞ்செயல்களைக் காலம் வருமுன் வெளியே சொல்லவேண்டாமென்று பலமுறை சீடர்களுக்கும் குணமடைந்தோருக்கும் பணித்ததை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். அன்னை மரியா தாம் கண்டதையும் கேட்டதையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார்.

மனிதரைவிட மறைவு பெரிதன்று

இதுவரை சொன்னது நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நிறுவனங்களின் வாயிற்காவலராகிவிடுவோம்.

2009 ஜூலையில் சீனாவின் ஷென்சென் நகரில், ஆப்பிள் பொருள்களைத் தொகுக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் 25 வயது இளைஞர் ஒருவர் பணியாற்றினார். வெளியிடப்படாத ஐபோன் மாதிரிகள் 16 அவர் பொறுப்பிலிருந்தன. அவற்றுள் ஒன்று காணாமற்போயிற்று. பாதுகாவலர் அவர் அறையைச் சோதனையிட்டனர். தம்மை அடித்ததாகவும் இழிவுபடுத்தியதாகவும் அவர் நண்பர்களிடம் தெரிவித்திருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. சில நாள்களுக்குள் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர்ப் பாதுகாப்பு அதிகாரி பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதும், குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கப்பட்டதும் உண்மை. எந்த இழப்பீடு அந்தத் தாயின் மடியை நிரப்பும்? கடைக்கு வந்தபின் எல்லார் கையிலும் இருக்கப்போகும் ஒரு பொருளின் மறைவுக்காக ஓர் உயிர்! இறைவனின் சாயலாய்ப் படைக்கப்பட்ட மனிதரைவிட எந்தப் பொருளின் இரகசியமும் பெரிதன்று. காக்கும் கடமை தொழிலாளிக்கு இருப்பதுபோல், காப்பவரை மாண்போடு நடத்தும் கடமை முதலாளிக்கும் உண்டு.

இரகசியம் என்ற போர்வைக்குள் வஞ்சகம் ஒளிந்துகொள்வதும் உண்டு. விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டே பலவகைச் சோதனைகளைச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, தெரனோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பல கோடி டாலர் முதலீடு திரட்டியது. 2003-இல் அதைத் தொடங்கியவர் எலிசபெத் ஹோம்ஸ். கருவியைக் காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கு "வணிக இரகசியம்" என்பதே பதில். உண்மையில் அது சொன்னபடி வேலை செய்யவில்லை. தவறான முடிவுகள் நோயாளிகளின் கைக்குப் போயின. அங்கே பணியாற்றிய இளைஞர் ஒருவர் இதைக் கண்டு மனம் பொறாமல் மேலிடத்தில் முறையிட்டார். பலனில்லாதபோது வேலையை விட்டு விலகி, வெளியே சொன்னார். அவருடைய பாட்டனார் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்தவர், அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தார். முதலில் அவர் பேரனை நம்பவில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞர்களை எதிர்கொள்ளப் பெற்றோர் 4 இலட்சம் டாலருக்கும் மேல் செலவிட நேர்ந்தது. 2015 அக்டோபரில் செய்தி நாளிதழில் வெளியாயிற்று. 2018-இல் நிறுவனம் கலைந்தது. ஹோம்ஸ் 2022 ஜனவரியில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்று, அவ்வாண்டு நவம்பரில் பதினொரு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார்.

அந்தப் பேரன் கையெழுத்திட்ட வாக்கை மீறியவரா? இல்லை என்பதே திருச்சபையின் போதனைக்கு இசைந்த பதில். தொழில்சார்ந்த இரகசியங்களைக் காக்க வேண்டும். ஆனால் காப்பதனால் எவருக்கேனும் மிகக் கடுமையான தீங்கு நேருமானால், அத்தீங்கைத் தவிர்க்க உண்மையைச் சொல்வது தவிர வேறு வழியும் இல்லையானால், கட்டு அவிழ்கிறது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறும் நெறி. எவ்விதத்திலும் அவிழாத முத்திரை ஒன்றே உண்டு. அது பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரின் நாவின்மேல் இட்ட முத்திரை. தொழிற்சாலைக் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

நம் அண்டையிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தொகுக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியருக்கு என்ன ஆனதோ என்று அஞ்சிய பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அவர்கள் எழுப்பிய குரலுக்குப் பின்னரே விடுதிகளின் நிலை உலகுக்குத் தெரிந்தது. ஆப்பிள் நிறுவனம் அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. புதிய கைப்பேசியின் வடிவத்தை வெளியே சொல்லாதிருப்பது அப்பெண்களின் கடமை. தங்கள் சோற்றில் புழு இருந்தால் அதைச் சொல்லாதிருப்பது எவருடைய கடமையும் அன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எந்த ஒப்பந்தத்துக்கும் உரிமையில்லை.

நம் இல்லங்களுக்கு

ஆகவே, ஓர் இரகசியம் நம் கையில் வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மௌனம் யாரைக் காக்கிறது? ஒருவருடைய உழைப்பை, பிழைப்பை, நற்பெயரை அது காக்குமானால், நா வறண்டாலும் காக்க வேண்டும். ஒருவருடைய உடலுக்கோ மானத்துக்கோ இழைக்கப்படும் தீங்கை அது காக்குமானால், வாய் திறக்க வேண்டும்; அதுவும் முறையாக, முதலில் உள்ளே உரியவரிடம், பின்னரே வெளியே.

பெற்றோர்களே, வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளிடம் "அங்கே என்ன செய்கிறார்கள்?" என்று துருவாதீர்கள். "அங்கே உன்னை எப்படி நடத்துகிறார்கள்?" என்று தவறாமல் கேளுங்கள். முதற்கேள்விக்கு அவர்கள் மௌனமாயிருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு மௌனமாயிருந்தால் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இளைஞர்களே, ஊர் அறியுமுன் நான் அறிவேன் என்று காட்டிக்கொள்வதில் ஒரு போதை இருக்கிறது. கைப்பேசியின் வடிவமானாலும், தேர்வு வினாத்தாளானாலும், அடுத்த வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சானாலும் அந்த முந்திரிக்கொட்டைத்தனம் ஒன்றே. ஒருநாள் கிடைக்கும் பாராட்டுக்காக, ஆயுள் முழுதும் தேவைப்படும் நம்பிக்கையை விற்றுவிடாதீர்கள்.

அந்தத் தாயின் கடனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நமது போதனை வெறும் ஓசையாகும். வட்டி கழுத்தை நெரிக்கும் வீட்டில் இருபதாயிரம் ரூபாயை வேண்டாமென்பது மேடையில் பேசுவது போல் எளிதன்று. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும் மகளிர் தன்னுதவிக் குழுவிடமும் பேசினோம். குறைந்த வட்டியில் கடனை மாற்றிக்கொள்ள ஓரளவு வழி பிறந்தது. முழுக்கடனும் இன்னும் தீரவில்லை. நேர்மையாயிருப்போரை நேர்மைக்காகப் பாராட்டுவதோடு சமூகம் நின்றுவிடலாகாது. அந்த நேர்மை தாங்கும் சுமையில் ஒரு கை கொடுக்கவும் வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அப்புதிய பொருள் உலகெங்கும் வெளியாயிற்று. அடுத்த ஞாயிறன்று தாயும் மகளும் சேர்ந்தே நம்மைப் பார்க்க வந்தனர். நாளிதழில் வந்திருந்த விளம்பரப் படத்தைக் காட்டி, "இதுதான் சாமி" என்றாள் மகள், முகமெல்லாம் மலர. தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கா இத்தனைப் பூட்டு? போன வருடத்து போன் மாதிரியேதானே இருக்கிறது!" என்றார். மூவரும் சிரித்தோம். பொருள் என்னவோ அவ்வளவுதான். அதை வைத்து அந்த வீட்டில் சோதித்து அறியப்பட்டதன் மதிப்போ, எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதது.

தச்சுப் பட்டறையில் மௌனமாய் உழைத்து, இறைவன் தம்மிடம் ஒப்படைத்த பெரும் மறைபொருளை ஊரார் எவரும் அறியாமல் காத்த சூசையப்பர், தொழிற்சாலைகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் காப்பாராக. காக்க வேண்டியதைக் காக்கும் உறுதியையும், பேச வேண்டியதைப் பேசும் துணிவையும் ஆண்டவர் அவர்களுக்கு அருள்வாராக.